மழையில் நனையலாகாத பணம்
பிறர் முதலில் வாணிகம்: முளாரபா முதல் இன்றைய தனியார் நிதியம் வரை

"ஹஜ்ரத், கூட்டு வாணிகம் மார்க்கத்தில் ஆகுமானதுதானே?"

அஸர்த் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது இக்கேள்வியைக் கேட்டவர், முன்பு என்னிடம் ஓதிய மாணவர். இன்று கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் வாணிகம் செய்கிறார். அவர் கையில் வழவழப்பான தாளில் அச்சிட்ட ஏடு ஒன்று இருந்தது. பெரிய நகரமொன்றில் இயங்கும் தனியார் முதலீட்டு நிதியம் ஒன்றின் விளக்க ஏடு அது. அந்நிதியத்தில் சேர விரும்புவோர் குறைந்தது 1 கோடி ரூபாய் போட வேண்டும். "என்னிடம் 15 லட்சம் இருக்கிறது. மச்சான், பக்கத்துக் கடைக்காரர், இன்னும் நாலைந்து பேர் சேர்ந்தால் கோடியாகிவிடும். மகள் நிக்காஹுக்காக அக்கா வைத்திருக்கும் 10 லட்சமும் அதில் அடங்கும். எல்லாவற்றையும் என் ஒருவன் பெயரில் கட்டிவிடலாம் என்று தரகர் சொல்கிறார். என்ன சொல்கிறீர்கள்?" என்றார் அவர்.

"கூட்டு ஆகுமானதுதான், தம்பி. ஆனால் அந்த வாசலில் ஒரு கோடி என்று ஏன் எழுதி வைத்தார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். அடுத்த வெள்ளிக்கிழமை வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வார காலத்தில் கிதாபுகளையும் வரலாற்று ஏடுகளையும் புரட்டிக் கண்டவற்றையே ஈண்டு வாசக நேயர்களுக்கு வைக்கிறேன். பிறர் முதலைக் கொண்டு வாணிகம் செய்வது நேற்று முளைத்த வழக்கமன்று. அதில் யார் முதல் போடலாம், அம்முதலை எவ்வழியில் ஈடுபடுத்தலாம், நட்டம் வந்தால் யார் தாங்குவது என்ற மூன்று வினாக்களும் அவ்வழக்கத்தைப் போலவே பழமையானவை.

அத்தாவின் கணக்கேடு

முதலில் எங்கள் வீட்டு வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். என் அத்தா மலைச்சரக்கு வாணிகர். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் புளி, கடுக்காய், தேன் ஆகியவற்றைக் கச்சிராயபாளையத்தில் கொள்முதல் செய்து வெளியூர் மண்டிகளுக்கு அனுப்புவார். 1976-இல் மலையின் ஜாகீர் முறை ஒழிக்கப்படுவதற்கு முந்திய காலம் அது. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் மலை இருந்தது. நல்ல சாலை கிடையாது. சரக்கு தலைச்சுமையாகவே இறங்கும்.

அத்தாவிடம் உழைப்பு இருந்தது, முதல் இல்லை. நன்செய் நிலமுடைய அண்டைவீட்டுப் பெரியவர் ஒருவர் முதல் கொடுத்தார். இலாபத்தில் ஆளுக்குப் பாதி என்பது பேச்சு. ஓர் ஆண்டு புளி மூட்டைகள் சந்தைத் திடலில் கிடந்தபோது பருவந்தப்பிய பெருமழை கொட்டித் தீர்த்தது. முதலில் பெரும்பகுதி போயிற்று. பெரியவர் கணக்கேட்டைப் பார்த்தார். அத்தாவின் மீது குற்றம் இல்லை என்று கண்டு, அதன் கீழே கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தார். அத்தாவுக்கோ ஓராண்டு உழைப்பு கூலியின்றிப் போயிற்று. இருவரும் மறு ஆண்டும் அதே வாணிகத்தைத் தொடர்ந்தனர்.

அதே நாட்களில் எங்கள் தெருவைச் சேர்ந்த கணவனை இழந்த பெண்மணி ஒருவர், வளையல் விற்ற பணம் 300 ரூபாயைக் கொண்டுவந்து, "என் பணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அண்ணே" என்றார். அத்தா அதை வாங்க மறுத்துவிட்டார். "இது மழையில் நனையக் கூடாத பணம், தங்கச்சி" என்பதே அவர் சொன்ன விடை. அன்று எனக்கு அது கல்நெஞ்சமாகப் பட்டது. பிற்காலத்தில் கிதாபு ஓதியபோதுதான், அத்தா ஒரு பெரிய சட்டத்தை அறியாமலே கடைப்பிடித்திருக்கிறார் என்று விளங்கியது.

கிதாபுகள் காட்டும் வழி

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நபித்துவத்திற்கு முன் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்குகளைச் சிரியா நாட்டிற்குக் கொண்டுசென்று வாணிகம் செய்த வரலாறு நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்தது. ஒருவர் முதலையும் மற்றொருவர் முயற்சியையும் கொண்டு நடக்கும் இந்த உடன்படிக்கையை ஈராக் நாட்டார் முளாரபா என்றனர். ஹிஜாஸ் நாட்டார் கிராள் என்றனர். பிற்காலத்தில் இத்தாலியத் துறைமுகங்களில் வழங்கிய கொம்மெண்டா என்னும் உடன்படிக்கையும் ஏறத்தாழ இதே அமைப்புடையது.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம் முவத்தாவில் கிராள் பற்றிய பாடத்தை ஒரு நிகழ்ச்சியோடு தொடங்குகிறார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் மைந்தர்கள் அப்துல்லாஹ், உபைதுல்லாஹ் இருவரும் படையோடு ஈராக் சென்று திரும்புகையில், பஸராவின் ஆளுநர் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் மதீனாவுக்கு அனுப்ப வேண்டிய அரசுப் பணத்தை அவர்களிடம் கடனாகக் கொடுத்தார்கள். அவர்கள் அதைக் கொண்டு ஈராக்கில் சரக்கு வாங்கி மதீனாவில் விற்று இலாபம் கண்டனர். செய்தியறிந்த கலீஃபா, படையிலுள்ள எல்லாருக்குமா இப்படிக் கடன் கிடைத்தது என்று கேட்டு, முதலையும் இலாபத்தையும் பொதுநிதியில் சேர்க்கப் பணித்தார்கள். அப்துல்லாஹ் வாய்திறக்கவில்லை. உபைதுல்லாஹ்வோ, பணம் தொலைந்திருந்தால் நாங்கள்தாமே ஈடு செய்திருப்போம் என்று வாதிட்டார். அவையிலிருந்த ஒருவர், இதைக் கிராளாகக் கொள்ளலாமே என்று கூற, கலீஃபா அதை ஏற்று, முதலையும் இலாபத்தில் பாதியையும் பொதுநிதிக்கு எடுத்துக்கொண்டார்கள். மறுபாதி மைந்தர்களுக்குச் சென்றது.

உபைதுல்லாஹ்வின் வாதத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். இலாபத்திற்கு உரியவர் யார் என்ற வழக்கை அவர், நட்டத்தைத் தாங்கக் கடமைப்பட்டவர் யார் என்ற வினாவால் அளந்தார். சட்டமேதைகள் வகுத்த விதிகள் யாவும் இந்த அச்சைச் சுற்றியே சுழல்கின்றன. இலாபத்தைப் பாதி, மூன்றில் ஒன்று என விகிதமாகப் பேசலாம்; மாதம் இத்தனை ரூபாய் என்று அறுதியிடுதல் ஆகாது. முதலில் நட்டம் வந்தால் அது முதல் கொடுத்தவரைச் சாரும். உழைத்தவருக்கு உழைப்பு வீணாகும். அவர் கவனக்குறைவாகவோ நிபந்தனையை மீறியோ நடந்திருந்தால் மட்டுமே முதலுக்கு அவர் பொறுப்பாளி. அப்பாஸ் (ரலி) அவர்கள் முதல் கொடுக்கும்போது, கடல்வழி போகலாகாது, பள்ளத்தாக்கில் தங்கலாகாது, உயிருள்ள கால்நடை வாங்கலாகாது என்று நிபந்தனை விதித்ததாக ஒரு செய்தி உண்டு. அதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்பர் ஹதீஸ் கலை அறிஞர். எனினும் ஃபிக்ஹ் நூல்கள் அதை எடுத்தாள்கின்றன. வாணிகத்தின் போக்கையும் அதன் ஆபத்தையும் முன்கூட்டியே வரையறுப்பது எத்துணைப் பழைய வழக்கம் என்பதற்கு அது சான்று.

சரி, யார் முதல் போடலாம்? ஹிஜ்ரி 593-இல் மறைந்த ஹிதாயா ஆசிரியர் மர்கீனானீ (ரஹ்) அவர்கள், பணமிருந்தும் வாணிகத் திறனற்றோர், திறனிருந்தும் கைப்பொருளற்றோர் ஆகிய இரு சாராரின் தேவையே இவ்வுடன்படிக்கைக்குக் காரணம் என்று விளக்குகிறார்கள். ஆகவே வாணிகம் தெரியாதவர் முதல் போடக் கூடாது என்பதில்லை. ஆனால் தம் பொருளைக் கையாளும் பக்குவம் வேண்டும். அதையே ருஷ்து என்பர். அந்நிஸா அத்தியாயத்தின் 5, 6-ஆம் வசனங்கள், விவேகமற்றோரிடம் செல்வத்தை ஒப்படைப்பதைத் தடுத்து, அனாதைகளைச் சோதித்துப் பக்குவம் கண்ட பின்னரே அவர்கள் பொருளை அவர்களிடம் சேர்க்கப் பணிக்கின்றன. பொருளுக்கு உரிமையுடையவராக இருத்தல் ஒன்று. அதை ஆபத்தில் வைக்கத் தகுதியுடையவராக இருத்தல் வேறொன்று.

வெள்ளாறு சேரும் கடற்கரையில்

இனி நம் மண்ணின் வரலாற்றுக்கு வருவோம். கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி, மணிமுத்தாறு ஆகியவற்றின் நீர் வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையருகே கடலை அடைகிறது. நம் முன்னோர் மஹ்மூது பந்தர் என்று வழங்கிய துறைமுகம் அது. அங்கே 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் இரும்பாலை ஒன்றை நிறுவினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பணியில் இருந்தவர். இரும்பு உருக்கும் ஆர்வத்தால் அவ்வேலையை உதறியவர். ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கும் தனியுரிமையையும் முன்பணத்தையும் அரசிடமிருந்து பெற்றார். தனியார் முதலும் சேர்ந்தது.

அவர் வகுத்த திட்டம் கேட்பதற்கு மிக அழகானது. சேலம் பகுதியின் இரும்புக்கல் மிக உயர்ந்த தரம். கரிக்குச் சுற்றிலும் காடு. ஆற்று வழியும் கடல் வழியும் அருகில். இங்கிலாந்தில் நல்ல இரும்புக்குத் தேவை. அந்த இரும்பு தரத்தில் குறைந்ததன்று. வேல்ஸ் நாட்டில் மெனாய் நீரிணையின் மீது 1850-இல் திறக்கப்பட்ட பிரித்தானியா பாலத்தில் பரங்கிப்பேட்டை இரும்பு பயன்பட்டதாகப் பழைய ஏடுகள் கூறுகின்றன. 1853-இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்ற பெயரில் 4,00,000 பவுன் முதலோடு புதிய சங்கமே உருவாயிற்று. அன்று கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை வட்டங்களை உள்ளடக்கியிருந்த தென்னார்க்காடு மாவட்டத்திலும், காவிரிக் கரையிலும், மலபாரின் பேப்பூரிலும் ஊதுலைகள் எழுந்தன.

ஆயினும் 1860-களின் இறுதிக்குள் அவை யாவும் அணைந்தன. காரணம் என்ன? கல் நல்லது, தொழிலும் நல்லது, எரிபொருள்தான் போதவில்லை. மரக்கரியால் எரியும் ஊதுலை காட்டையே தின்னும். வெட்ட வெட்டக் காடு விலகிப் போகும். கரியைக் கொண்டுவரும் கூலியோ ஏறும். அதே காலத்தில் இங்கிலாந்தில் நிலக்கரியிலிருந்து எடுத்த கல்கரியால் மலிவான இரும்பு மலைபோல் குவிந்துகொண்டிருந்தது. ஹீத் 1851-இல் ஷெஃபீல்டு நகரில் காலமானார். மாங்கனீசைக் கொண்டு எஃகைச் சீராக்க அவர் கண்ட முறையால் அந்நகரத்தார் பயனடைந்தனர். அவருக்கோ நீண்ட வழக்கே மிஞ்சியது.

இந்நிகழ்ச்சியில் நமக்கு இரண்டு பாடங்கள். நேர்மையான முயற்சியிலும் முழு முதலும் போகக்கூடும் என்பது ஒன்று. விளக்க ஏட்டில் உரக்கச் சொல்லப்படும் நன்மையைவிட, மெல்லச் சொல்லப்படும் ஒரு குறையே வாணிகத்தின் முடிவைத் தீர்மானிக்கக்கூடும் என்பது மற்றொன்று. எனினும் இரும்புக் கம்பெனியில் பங்கெடுத்தோர், ஊதுலையில் பணம் போடுகிறோம் என்று அறிந்தே போட்டவர்கள். அறியாமலே ஊதுலையில் வைக்கப்பட்ட பணத்தின் கதை வேறு.

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22

சென்னையில் பாரி, பின்னி ஆகியவற்றோடு ஒப்ப வைத்து எண்ணப்பட்டது அர்பத்நாட் கம்பெனி. நூறாண்டுப் பெயர்; வெள்ளைக்காரர் நிருவாகம். ஓய்வூதியம் பெறுவோர், வழக்கறிஞர், சிறு வாணிகர், குடும்பப் பெண்டிர் எனப் பல திறத்தாரும் தங்கள் சேமிப்பை நிலையான வட்டிக்கு அங்கே வைத்திருந்தனர். பணம் பத்திரமாக இருக்கிறது என்பதே அவர்கள் நம்பிக்கை. உண்மையிலோ கம்பெனியும் அதன் லண்டன் கூட்டாளியும் தொலைநாட்டுச் சுரங்கங்களிலும் ஊக வாணிகத்திலும் அப்பணத்தை இறக்கியிருந்தனர். 1906 அக்டோபர் 22, திங்கட்கிழமையன்று கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கலங்கின. கூட்டாளிகளில் தலைவரான சர் ஜார்ஜ் அர்பத்நாட் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு 18 மாதக் கடுங்காவல் பெற்றார். அந்தப் புண்ணிலிருந்தே, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயற்சியால் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது.

அர்பத்நாட்டில் பணம் வைத்தவர்கள் அறிவிலிகள் அல்லர். தாங்கள் எந்த உடன்படிக்கையில் நிற்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. அவ்வளவே. கடன் கொடுத்தவராக எண்ணிக்கொண்டு ஆபத்தான முயற்சியின் நட்டத்தைச் சுமந்தனர். இலாபம் வந்த நாட்களில் அவர்களுக்குக் கிட்டியது அறுதியிட்ட வட்டி. நட்டம் வந்த நாளில் கிட்டியது முழு நட்டம். உபைதுல்லாஹ்வின் அளவுகோல் இங்கே தலைகீழாயிற்று.

இதே அநீதி நம் காலத்தில் நம்முடைய சொற்களையே போர்வையாகப் போர்த்திக்கொண்டும் வந்தது. 2019 ஜூன் மாதம் பெங்களூரில் ஐ.எம்.ஏ. நிறுவனம் சரிந்தபோது, அதில் பணம் போட்டிருந்த பல்லாயிரவரில் பெரும்பாலோர் நம் சமுதாயத்தினர். வட்டியில்லா ஹலால் வருவாய் என்ற சொல்லும், கூட்டாளி என்ற பட்டமும் அவர்களுக்கு வழங்கப்பட்டிருந்தன. புதிதாக வருவோர் பணத்தையே பழையவர்க்கு இலாபமாகக் கொடுத்து வந்தனர் என்பது புலனாய்வு அமைப்புகளின் குற்றச்சாட்டு. முளாரபா என்று பெயர் வைத்துவிட்டால் முளாரபா ஆகிவிடாது. மாதந்தோறும் குறையாத இலாபம் வருகிறதென்றால், எந்தச் சரக்கை விற்று வருகிறது என்று கேட்பது நம் கடமை.

ஒரு கோடி ரூபாய் வாசல்

இப்போது மாணவர் கொணர்ந்த ஏட்டைத் திறப்போம். இத்தகைய தனியார் நிதியங்களுக்குப் பங்குச்சந்தை ஒழுங்கு வாரியமான செபி 2012 மே மாதம் விதிகள் வகுத்தது. மாற்று முதலீட்டு நிதியங்கள் என்பது சட்டம் இட்ட பெயர். ஒவ்வொருவரும் குறைந்தது 1 கோடி ரூபாய் தர வேண்டும். ஒரு திட்டத்தில் 1,000 பேருக்கு மேல் சேர்க்கலாகாது. திட்டத்தின் தொகை 20 கோடிக்குக் குறையலாகாது. பொதுமக்களை விளம்பரம் செய்து அழைக்கலாகாது. நிதியத்தை நடத்துவோர் தங்கள் பணத்திலும் ஒரு பகுதியை அதில் வைத்திருக்க வேண்டும். உழைப்பவனும் நட்டத்தின் சூட்டை உணர வேண்டும் என்ற பழைய நீதியின் சாயல் இதில் தெரிகிறது.

நிதியங்கள் மூவகை. புதுத்தொழில், சிறுதொழில், அடிப்படைக் கட்டுமானம் முதலியவற்றில் இடுவன முதல் வகை. பங்குச்சந்தைக்கு வராத நிறுவனங்களின் பங்குகளை வாங்குவனவும் கடன் கொடுப்பனவும் இரண்டாம் வகை. கடன் வாங்கியும் சிக்கலான சந்தை உத்திகளைக் கையாண்டும் விளையாடுவன மூன்றாம் வகை. வட்டியை விலக்கி வாழ முயல்வோர், தம் பணம் எவ்வகையில் எங்கே போகிறது என்று பாராமல் ஒப்பமிடலாகாது.

ஆபத்துகளையும் அந்த ஏடே சொல்கிறது. ஆனால் சிறிய எழுத்தில். முதல் இரு வகை நிதியங்களில் பணம் குறைந்தது 3 ஆண்டுகள் கட்டுண்டு கிடக்கும். பெரும்பாலும் அதற்கும் மேல். ஒப்புக்கொண்ட தொகையை நிதியம் தவணை தவணையாகக் கேட்கும். கேட்கும்போது கொடாவிட்டால் தண்டம் உண்டு. நிதியம் வாங்கிய பங்குகளுக்கு அன்றாட விலை கிடையாது, மதிப்பீடுதான். இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் மேலாளர் ஆண்டுக் கட்டணம் எடுத்துக்கொள்வார். இலாபம் வந்தால் அதிலும் அவருக்குப் பங்கு உண்டு. நட்ட ஆண்டில் கூலியின்றி நின்ற அத்தாவையும் இவரையும் வாசகர்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இத்தனை ஆபத்துள்ள வாணிகத்திற்கு வாசலில் ஒரு காவல் வேண்டும் அல்லவா? அந்தக் காவல்தான் 1 கோடி ரூபாய். செல்வரைப் பெருமைப்படுத்த வைத்த ஆசனமன்று அது. போனால் அடுப்பு அணையாத வீட்டார் மட்டும் உள்ளே வரட்டும் என்ற எச்சரிக்கை. 2021-இல் செபி வகுத்த தகுதிபெற்ற முதலீட்டாளர் என்ற பிரிவும் இதே நோக்குடையது. ஆண்டு வருமானம் 2 கோடி, அல்லது நிகரச் சொத்து 7.5 கோடியும் அதில் பாதி நிதிச்சொத்தும் என்பன போன்ற அளவுகளில் உள்ளவர் அதில் சேர்வர். அவருக்கு 1 கோடி என்ற அடிப்படை அளவு தளர்த்தப்படுகிறது. பணத்தால் மட்டும் ருஷ்து வந்துவிடுமா என்று கேட்பீர்கள். வாராது. கோடி வைத்திருக்கும் பேதையும் உண்டு. 300 ரூபாய் வைத்திருக்கும் விவேகியும் உண்டு. ஆனால் மனத்தின் பக்குவத்தை அளக்க அரசிடம் தராசு இல்லை. நட்டத்தைத் தாங்கும் வலிவை அளக்க மட்டுமே இருக்கிறது. மீதியை அளக்க வேண்டியவர்கள் நாம்.

ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒருவர் பெயரில் கோடி கட்டுவதற்குச் சட்டம் இடம் தரவில்லை. அந்த 1 கோடிக்குக் கூட்டாகச் சேரக்கூடியோர் இருவர் மட்டுமே. அவர்களும் கணவன் மனைவியாகவோ பெற்றோர் பிள்ளையாகவோ இருக்க வேண்டும். மற்றவர்கள் நிதியத்தின் ஏட்டில் இல்லாதவர்கள். நாளை வழக்கென்று வந்தால் அந்த அக்கா நிதியத்திடம் எதையும் கேட்க முடியாது. தம்பியிடம்தான் கேட்க வேண்டும். நிதியத்தின் நட்டம் குடும்பத்தின் பகையாக மாறும். கடனை எழுதி வைக்கவும் சாட்சிகள் வைக்கவும் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் இத்துணை விரிவாகப் பணிப்பது எதற்காக? பெயரில்லாத பணம் பிணக்கின் விதை என்பதனால் அன்றோ!

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் மாணவர் வந்தார். இவையனைத்தையும் பொறுமையாகக் கேட்டார். இறுதியில், "அப்படியானால் எங்களைப் போன்றோர் வாணிகத்தில் முதல் போடவே கூடாதா, ஹஜ்ரத்?" என்று சற்று வருத்தத்தோடு வினவினார். நியாயமான வருத்தம். பெரிய இலாபத்தின் கதவு பெரிய பணக்காரருக்கே திறந்திருக்கிறதே என்ற குறை அதில் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. "கூடும், தம்பி. உங்கள் 15 லட்சத்தில் போனால் போகட்டும் என்று எவ்வளவை ஒதுக்க முடியும் என்று முதலில் பாருங்கள். கண்ணால் பார்க்கும் சரக்கில், கணக்கைக் கேட்கும் உரிமையோடு, உங்கள் பெயரிலேயே போடுங்கள். அக்காவின் பணத்தை இன்றே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அக்கா கேட்டால் என்ன சொல்வது?" என்றார். நான் என் அத்தாவின் விடையைச் சொன்னேன். சந்தைத் திடலில் அரை நூற்றாண்டுக்கு முன் நனைந்த புளி மூட்டைகளின் கதையையும் சொன்னேன்.

முதல் கேட்டு வருவோரிடம் எவ்வளவு இலாபம் என்று மட்டுமே நாம் கேட்கிறோம். முதல் கொண்டு வருவோரைப் பார்த்து, இது போனால் உன் வீட்டில் என்ன நடக்கும் என்று கேட்ட வாணிகர்கள் நம்மிடையே இருந்தார்கள். அந்தக் கேள்வி நம் கடைவீதிகளில் மீண்டும் ஒலிக்க வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.